சாலாக் செலாத்தானில் ‘க்’ எங்கே போனது? தொண்டையில் பிறக்கும் எழுத்துகளைப் பழகுவது எப்படி

ஒரு சின்னச் சோதனை. ‘சாலாக் செலாத்தான்’ என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எல்ஆர்டி, கேடிஎம் இரண்டிலும் இந்தப் பெயரில் நிலையம் உண்டு. கோலாலம்பூர்வாசிகள் பலரும் தினமும் கடந்துபோகும் பெயர்தான். இப்போது மலாய் நண்பர் ஒருவரை அதையே சொல்லச் சொல்லுங்கள். நாம் ‘சாலாக்’ என்று எழுதுகிறோம், ‘க்’கை அழுத்தியும் சொல்கிறோம். அவர் வாயில் அந்த ‘க்’ இல்லை. நாக்கின் அடி மேலே போய் அண்ணத்தைத் தொடவே இல்லை. ‘சாலா’ என்று வந்த மூச்சு, தொண்டையில் சட்டென்று வெட்டுப்பட்டு நிற்கிறது. அவ்வளவுதான்.

அனாக், எமாக், தாக் எல்லாவற்றிலும் இதே கதை. கடைசியில் வரும் அந்த வெட்டு, குரல்வளை ஒரு நொடி மூடித் திறப்பதால் உண்டாவது. தமிழ் எழுத்தில் அதற்கு இடமில்லை. ரூமி எழுத்தில் ‘கே’ போட்டுச் சமாளிக்கிறார்கள். ஆனால் எபிரேயத்திலும் அரபியிலும் அது முழு மரியாதையுள்ள ஓர் எழுத்து. எபிரேய அகரவரிசையின் முதல் எழுத்தான அலெஃப் அதுதான். அரபியில் அதன் பெயர் ஹம்ஸா.

அதாவது, ‘தொண்டை எழுத்துகள்’ என்று பயமுறுத்தப்படும் வரிசையில் முதலாவது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மலேசியாவில் வளர்ந்ததற்குக் கிடைத்த போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எபிரேயத்தில் நான்கு, அரபியில் ஆறு

எபிரேய இலக்கணம் நான்கு எழுத்துகளைத் தொண்டை எழுத்துகள் என்று தனியாகப் பிரிக்கிறது: அலெஃப், ஹே, ஹெத், அயின். ‘ரேஷ்’ என்னும் ரகரமும் சில விதிகளில் இவற்றைப் போல நடந்துகொள்ளும். அரபியில் ஆறு. குர்ஆன் ஓதக் கற்கும் பிள்ளைகள் இந்த ஆறையும் ‘ஹல்க்’, அதாவது தொண்டை எழுத்துகள் என்று ஆரம்ப வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிடுவார்கள். அரபு எழுத்திலிருந்து பிறந்த ஜாவியும் அந்த ஆறையும் அப்படியே வைத்திருக்கிறது.

ஆறும் நான்கும் எப்படி? இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள். பழைய காலத்தில் எபிரேயர் பேச்சிலும் ஆறு ஒலிகள் இருந்தன. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட பினீசிய எழுத்து வரிசையில் நான்குதான் இருந்தன. அதனால் ஹெத் இரண்டு ஒலிகளைச் சுமந்தது, அயின் இரண்டு ஒலிகளைச் சுமந்தது. போகப் போக அந்த ஒலிகளும் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன. நம் ‘க’ ஒரே எழுத்தாக இருந்துகொண்டு கடல், தங்கம், பகல் மூன்றிலும் மூன்று மாதிரி ஒலிக்கிறதே, அதுபோல.

இந்த ஒலிகளோடு மல்லுக்கட்டியது தமிழர் மட்டுமில்லை. கிரேக்கர்கள் பினீசிய எழுத்துகளைக் கடன் வாங்கியபோது, தொண்டை எழுத்துகள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. உயிரெழுத்துகளுக்கோ வடிவம் இல்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அலெஃப் ‘ஏ’ ஆனது, ஹே ‘ஈ’ ஆனது, அயின் ‘ஓ’ ஆனது. ஹெத் ரோமன் எழுத்தில் ‘எச்’ ஆக வந்து சேர்ந்தது. அயின் என்றால் கண். பினீசியர் அதை வட்டமாக வரைந்தார்கள். ஆங்கில ‘ஓ’வின் வட்டம் அந்தக் கண்தான். உங்கள் மைகார்டில் ரூமியில் அச்சாகியிருக்கும் பெயரில் இந்த எழுத்துகள் இருந்தால், ஒரு காலத்தில் தொண்டையில் பிறந்தவற்றைத்தான் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

வாயில் எங்கே, எப்படி?

தமிழ் இலக்கணத்துக்கு ஒலி பிறக்கும் இடத்தைச் சொல்வது புதிதில்லை. க, ங இரண்டும் நாவின் அடியும் அண்ணத்தின் அடியும் சேரும் இடத்தில் பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. தொண்டைக்கு நம் இலக்கணம் தரும் பெயர் மிடறு. நாவின் அடி அண்ணத்தைத் தொடும் அந்த இடத்துக்கும் பின்னால், கீழே இறங்கிப்போனால் வருவதுதான் இந்த ஆறு ஒலிகள். ஒரு படிக்கட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: மேல்படி உள்நாக்கு, நடுப்படி தொண்டைக்குழி, கீழ்ப்படி குரல்வளை. ஒவ்வொரு படியிலும் இரண்டு இரண்டு ஒலிகள்.

கீழ்ப்படி சுலபம். ஒன்று நாம் பார்த்த வெட்டு, அலெஃப் அல்லது ஹம்ஸா. மற்றொன்று சாதாரண ‘ஹ’. ‘ஹலோ’வில் வருவது. எபிரேயத்தில் ஹே. மலாயில் ‘ஹதியா’, அதாவது பரிசு, இந்த ஹகரத்தில்தான் தொடங்குகிறது.

மேல்படியும் அவ்வளவு கஷ்டமில்லை. தொண்டையில் சளி கட்டியிருக்கும்போது காறுவோமே, அந்தச் சுரண்டலை மென்மையாக்கினால் ஒரு ஒலி. ‘அப்பா கபார்’ என்று நாம் தினமும் கேட்கும் நலம் விசாரிப்பில், கபாரின் முதல் எழுத்து அதுதான். வியாழக்கிழமையைக் குறிக்கும் ‘கமிஸ்’, முடிவைக் குறிக்கும் ‘ஆகிர்’, தேதியைக் குறிக்கும் ‘தாரிக்’ எல்லாம் இந்த வகை. ரூமியில் கே, எச் இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். இதே இடத்தில், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கிற மாதிரி குரலையும் சேர்த்தால் அடுத்தது: மக்ரிப் தொழுகையின் பெயரிலும் பாக்தாதின் நடுவிலும் இருப்பது. ரூமியில் ஜி, எச். உச்சரிக்கும்போது பலர் சும்மா ‘க’ போட்டுவிடுகிறார்கள், மலாய்க்காரர்களிலும்தான்.

நடுப்படிதான் வம்பு.

அங்கே இருப்பது இரண்டு. முதலாவது, எபிரேயத்தின் ஹெத். அரபியில் புள்ளி இல்லாத ஹா. இது ‘ஹலோ’வின் ‘ஹ’ இல்லை. சூடான தே தாரிக்கை அவசரத்தில் விழுங்கிவிட்டு ‘ஹாஆ...’ என்று விடுகிற மூச்சு இதற்கு மிக அருகில் வரும். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் அதில் ஆவி ஊதுவதும் அப்படியே. அப்போது தொண்டையின் நடுப்பகுதி கொஞ்சம் இறுகி, மூச்சு உரசிக்கொண்டு வெளியே வருகிறது. குரல் இல்லை, சுரண்டலும் இல்லை. சுரண்டல் கேட்டால் நீங்கள் மேல்படிக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்; இறங்குங்கள்.

இரண்டாவது, அயின். அரபியில் ஐன். அந்தக் கண்ணாடி ஊதும் இறுக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மூச்சுக்குப் பதிலாகக் குரலை விட வேண்டும். சில ஆசிரியர்கள் ஆடு கத்துவதைப் போலச் செய்யச் சொல்வார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. இன்னொரு வழி: ‘ஆ’ என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே குரலை முடிந்தவரை கீழே அமுக்குங்கள். அடித்தொண்டையில் நெரிபடுகிற மாதிரி ஓர் இடம் வரும். அந்த இடம்தான்.

ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். வலித்தால் நிறுத்துங்கள்; இந்த எழுத்துகளைச் சரியாகச் சொன்னால் தொண்டை வலிக்காது. இருமல் வருகிற அளவுக்குக் கஷ்டப்பட்டால் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். காதையும் பழக்க வேண்டும். ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று அரபு மொழிக்காரர் ஒருவர் சொல்வதைக் கேளுங்கள். ‘அலைக்கும்’ என்பதன் தொடக்கத்தில் ஒரு பிடிப்பு கேட்கும். நாம் வெறும் ‘அ’ என்று கடந்துபோகும் இடம் அது.

ரக்யாட்டும் ரயத்தும்

இப்போது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மலாய் வார்த்தை: ரக்யாட். மக்கள். நெகாராகூவில் இருக்கிறது, எல்லா பட்ஜெட் உரையிலும் இருக்கிறது. இதில் வரும் ‘க்’ உண்மையில் ‘க்’ இல்லை. அரபு மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ஐன். மலாயில் ஐன் ஒலி இல்லாததால், தங்களிடம் இருந்த நெருங்கிய ஒலியை, அதாவது சாலாக்கில் வரும் அந்த வெட்டை, அங்கே வைத்தார்கள். பழைய ரூமியில் அதைக் காட்ட மேற்கோள் குறி மாதிரி ஒரு குறி போட்டார்கள். 1955-ல் அகமது புஸ்தாமாம் தொடங்கிய பார்ட்டாய் ரஆயாட் கட்சியின் பெயர் அப்படித்தான் எழுதப்பட்டது. 1972-ல் புதிய எழுத்துமுறை வந்த பிறகு ‘கே’ நிலைத்துவிட்டது. எழுத்தைப் பார்த்து உச்சரிக்கிற தலைமுறை வந்ததும் சிலர் வாயில் அது நிஜமான ‘க்’காகவே மாறிவிட்டது.

இதே வார்த்தை தமிழிலும் இருக்கிறது. பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் ‘ரயத்துவாரி முறை’ என்று படித்திருப்பீர்கள். தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும், சென்னை மாகாணத்து நிலவரி முறை. விவசாயியிடமே நேரடியாக வரி வாங்குவது. அந்த ‘ரயத்து’ம் இந்த ‘ரக்யாட்’டும் ஒரே அரபுச் சொல். பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது ஐன் காணாமல் போய், விவசாயியைக் குறித்தது. மலாய் உலகத்துக்கு வந்தபோது ஐன் ‘க்’ ஆகி, குடிமக்களைக் குறித்தது. நம்மில் பலருடைய முப்பாட்டன்மார் ரயத்துவாரி நடந்த கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ரயத்தின் பேரப்பிள்ளைகள் இங்கே ரக்யாட் ஆனார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறு இது. கொஞ்சம் கூடுதலாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எப்போதும் ஐனை விட்டுவிடும். ஜில்லா, தாலுகா, ஜமாபந்தி எல்லாவற்றிலும் மூலத்தில் ஓர் ஐன் இருந்தது. தமிழில் அதன் சுவடே இல்லை. மலாய் அப்படி முழுசாக விடவில்லை. சொல்லின் தொடக்கத்தில் மட்டும் விட்டது: ஆடாட், ஆகால், உமுர், இல்மு. இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் இடைவெளி மட்டும் தெரியும்: வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் ‘ஜுமாஅட்’டில் ‘அ’ இரண்டு தரம் வருவதற்குக் காரணம் அதுதான். மெய்யெழுத்துக்கு முன்னால் வந்தால் ‘க்’: நிக்மாட், இக்லான், டாக்வா. பள்ளியில் அறிவியல் கூடத்தை ‘மக்மால்’ என்கிறோமே, அதிலும் ஐன்தான்.

‘மக்னா’, ‘மக்சூட்’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ‘பொருள்’ என்றுதான் அர்த்தம். ரூமியில் இரண்டிலும் ‘கே’. ஆனால் மக்னாவில் இருப்பது ஐன். மக்சூட்டில் இருப்பது காஃப் என்னும் ஆழமான ககரம். ரூமி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஜாவி இன்னும் தனித்தனியாக எழுதுகிறது. சாலாக்கின் கடைசி ‘க்’கையும் ஜாவியில் அந்த ஆழமான காஃபில்தான் எழுதுவார்கள்; ‘பாங்க்’ போன்று ஐரோப்பிய மொழியிலிருந்து வந்த சொல்லின் கடைசியில் சாதாரண காப் வரும். உச்சரிப்பு வேறு, எழுத்தும் வேறு. அதனால்தான் ஜாவி வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மலாய்ச் சொற்களின் வம்சம் கண்ணுக்கே தெரிகிறது.

தமிழ் வேதாகமத்தில் நான்கு எழுத்துகள்

மலேசியாவில் தமிழர் எபிரேயத்தைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் பைபிள்தான். பிரிக்பீல்ட்ஸ் தேவாலயங்களில் தமிழ் ஆராதனைக்குப் போகிறவர்கள் கையில் இருக்கும் வேதாகமத்தில் 119-ஆம் சங்கீதத்தைத் திறந்தால், பல பதிப்புகளில் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே புரியாத ஒரு வார்த்தை அச்சாகியிருக்கும். ஆலெப், பேத் என்று தொடங்கும். அவை எபிரேய எழுத்துகளின் பெயர்கள். 22 எழுத்து, எழுத்துக்கு 8 வசனம், மொத்தம் 176. மூலத்தில் அந்த எட்டு வசனங்களும் அந்த எழுத்திலேயே தொடங்கும். நம் ஆத்திசூடி மாதிரி அகரவரிசைக் கட்டமைப்பு. கேத் என்றும் ஆயின் என்றும் அங்கே இருப்பவைதான் நாம் இவ்வளவு நேரம் பேசிய நடுப்படி எழுத்துகள். ஹெத்தின் ‘ஹ’ தமிழில் ‘க’ ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா?

பெயர்களிலும் அதே தடம். ஆபிரகாமில் இருப்பது ஹே. ராகேலிலும் பெத்லகேமிலும் இருப்பது ஹெத். தமிழில் மூன்றும் ‘க’. முகம்மது, அகமது, ரகுமான் என்று தமிழ் முஸ்லிம் பெயர்களை எழுதும்போதும் ஹெத்தின் இடத்தில் ‘க’தான் உட்காருகிறது. இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். உயிருக்கு நடுவில் வரும் ‘க’வைத் தமிழர் ‘மகன்’, ‘பகல்’ என்பதில் போல மென்மையாகத்தான் சொல்கிறார்கள். பலர் வாயில் அது ஏறக்குறைய ஹகரமே. முகம்மது என்று எழுதினாலும் காதில் விழுவது மூலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் வந்தால் மட்டும் தமிழ் கையை விரித்துவிடும். ஹெத்தில் தொடங்கும் ஹன்னா, ‘அன்னாள்’ ஆனாள். ஹேயில் தொடங்கும் ஹாகார், ‘ஆகார்’. அதே வழியில்தான் அரபியின் ஹல்வா திருநெல்வேலிக்கு வந்து ‘அல்வா’ ஆனதும், ‘ஹாஸிர்’ நீதிமன்றத்தில் ‘ஆஜர்’ ஆனதும்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கலாம். எபிரேய பைபிளில் வாசனை மரம் ஒன்றுக்கு ‘அஹாலிம்’ என்ற பெயர் வருகிறது. அது தமிழ் ‘அகில்’ என்பதோடு தொடர்புடையது என்று 1856-ல் வெளிவந்த தன் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் எழுதினார். அது சரியென்றால், நம் ‘க’ அங்கே போய் ‘ஹ’ ஆகியிருக்கிறது.

எபிரேயத்தில் தொண்டை எழுத்துகள் பக்கத்திலுள்ள உயிரொலிகளையும் ஆட்டிவைக்கும். இவற்றை இரட்டிக்க முடியாது. பக்கத்தில் ‘அ’ ஒலியை விரும்பும். சொல்லின் கடைசியில் வந்தால், அதற்கு முன் ஒரு ‘அ’ திருட்டுத்தனமாக நுழைந்துவிடும். நோவாவின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். எபிரேயத்தில் எழுதப்படுவது இரண்டே எழுத்து: நூன், ஹெத். ‘நோ’விலிருந்து தொண்டையின் நடுப்படிக்கு இறங்கும்போது வாய் தானாக ஒரு ‘அ’ போட்டுவிடுகிறது. அப்படித்தான் நோ-அ-ஹ். அரபியில் அந்த ‘அ’ இல்லை. அதனால் முஸ்லிம்கள் ‘நூஹ்’ என்கிறார்கள். யோசுவாவின் கடைசியில் வரும் ‘அ’ ஒலிக்கும் காரணம் இதுவே. அங்கே இருப்பது அயின். ஹெத்தும் அயினும் உதிர்ந்துபோன பிறகும், அவை கூட்டிவந்த ‘அ’ தமிழ் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இவ்வளவு முக்கியமான எழுத்துகளை எபிரேயம் பேசுகிறவர்கள் எல்லாரும் சரியாகச் சொல்கிறார்களா? இல்லை. இன்றைய இஸ்ரேலில் பெரும்பாலோர் அயினையும் அலெஃபையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். ஹெத்தை மேல்படிச் சுரண்டலாக மாற்றிவிட்டார்கள். ஏமன் போன்ற அரபு நாடுகளிலிருந்து வந்த யூதர்கள்தான் பழைய ஒலிகளைக் காப்பாற்றி வந்தார்கள். இஸ்ரேலிய வானொலியில் செய்தி வாசிப்பவர்கள் நீண்ட காலம் அந்தப் பழைய உச்சரிப்பையே கடைப்பிடித்தார்கள். இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததும் இல்லை. அலெஃபையும் அயினையும் மாற்றிச் சொல்லும் ஹைஃபா, பெத்ஷான் ஊர்க்காரர்களைத் தொழுகை நடத்த விட வேண்டாம் என்று தால்முதிலேயே இருக்கிறது.

ஏன் அவ்வளவு கண்டிப்பு என்றால், அர்த்தம் மாறிவிடும். ‘ஓர்’ என்பதை அலெஃபில் எழுதினால் வெளிச்சம், அயினில் எழுதினால் தோல். ஆதியாகமத்தில் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தோல் உடைகள் கிடைத்தன என்று வருகிறது அல்லவா? ரபி மெயிர் என்பவரின் சுருளில் அது ‘வெளிச்ச உடைகள்’ என்று எழுதப்பட்டிருந்ததாக ஒரு பழைய யூத விளக்கவுரை சொல்கிறது. வித்தியாசம் ஒரே ஒரு தொண்டை எழுத்து. ல, ள, ழ மாறினால் தமிழில் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

செய்தியில் வரும் பெயர்கள்

காஸா என்று தினமும் எழுதுகிறோம், வாசிக்கிறோம். அரபியில் அதன் முதல் எழுத்து கொப்பளிக்கும் ஒலி. எபிரேயத்தில் அயின், இன்று இஸ்ரேலியர் சொல்வது ‘அஸா’. அப்படியென்றால் நம் ‘க’ எங்கிருந்து வந்தது? கிரேக்கத்திலிருந்து. எபிரேய பைபிளைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அந்த ஊரைக் ‘காஸா’ என்று எழுதினார்கள். அவர்கள் காலத்தில் அந்தச் சொல்லில் அயின் கொப்பளிக்கும் ஒலியோடு இருந்தது என்பதற்கு இன்று மொழியியலாளர்கள் காட்டும் ஆதாரங்களில் இதுவும் ஒன்று. சோதோமோடு சேர்த்துச் சொல்லும் கொமோராவும் அப்படியே: எபிரேயத்தில் அயின், கிரேக்கத்தில் ‘க’. ஒரே ஊரை இரண்டு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்ல, உலகம் மூன்றாவது விதமாகச் சொல்கிறது.

கான் யூனிஸின் ‘கா’ மேல்படிச் சுரண்டல். ஹமாஸ், ஹெஸ்புல்லா, ஹைஃபா மூன்றும் ஹெத். ரஃபாவின் கடைசியிலும் ஒரு ஹெத் இருக்கிறது. தமிழில் எழுதும்போது அது விழுந்துவிடுகிறது. செய்தி எழுதும்போது இதையெல்லாம் குறி போட்டுக் காட்ட முடியாது, காட்டவும் தேவையில்லை. தமிழுக்குத் தமிழ் மரபு. ஆனால் வாசிக்கிறவருக்கு மூல ஒலி தெரிந்திருந்தால் நல்லது என்றுதான் சொல்வேன். தூரத்துச் செய்தியை விட முக்கியமானது, பக்கத்து மேசையில் இருப்பவர் பெயர். கைருல் என்பதில் ‘கை’ இல்லை. காலித் என்பது ‘காலி’ இல்லை. வேடிக்கை என்னவென்றால், தமிழ்க் ‘காலி’யும் அதே சுரண்டும் எழுத்தில் தொடங்கும் அரபுச் சொல்தான். ஆயிஷாவின் முதல் எழுத்து ஐன். லோகநாதனை ‘லோக்நாதன்’ ஆக்கினால் நமக்கு எப்படி இருக்கும்?

ஜாவியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது

2019-ல், அடுத்த ஆண்டு முதல் தமிழ், சீனப் பள்ளிகளில் 4-ஆம் ஆண்டு மலாய்மொழிப் பாடத்தில் காட் எழுத்துக்கலை சேர்க்கப்படும் என்ற செய்தி வந்தபோது என்ன நடந்தது என்று உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எதிர்ப்பு கிளம்பியது. பிறகு அது ‘ஜாவி எழுத்து அறிமுகம்’ என்று மாறியது. ஆறு பக்கம் மூன்று பக்கமானது. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பெற்றோரும் மாணவர்களும் ஒப்புக்கொண்டால்தான் கற்பிக்கலாம் என்று அரசு சொன்னது. வேண்டும், வேண்டாம் என்ற வாதங்களுக்கு அவரவர் காரணம் இருந்தது. யாரிடம் கேட்டுவிட்டு முடிவெடுத்தார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. என் குறை வேறு. அந்த எழுத்துகள் எதைக் காட்டுகின்றன, ரூமி எதை மறைக்கிறது என்று அத்தனை விவாதத்திலும் யாரும் பிள்ளைகளுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஜாவி தமிழருக்கு முற்றிலும் அந்நியம் என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா தமிழும் அரபும் கலந்த குடும்பத்தவர். தமிழ் படித்தவர். தன் வரலாற்றை ஜாவியில் எழுதினார். 1876-ல் சிங்கப்பூரில் தொடங்கிய முதல் மலாய்ப் பத்திரிகையின் பெயரே ‘ஜாவி பெரானாக்கான்’. நடத்தியவர்கள் தென்னிந்திய முஸ்லிம்களின் உள்ளூர் வாரிசுகள். இன்னொரு பக்கம், கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் தமிழ் முஸ்லிம்கள் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். அர்வி என்று பெயர். மலாய்க்கு ஜாவி என்றால் தமிழுக்கு அர்வி.

எங்கிருந்து தொடங்குவது?

புத்தகம் வாங்க ஓட வேண்டாம். வீட்டில் ஒரு மீ பொட்டலம் இருக்கும்; அதில் ஹலால் முத்திரை இருக்கும். நடுவில் அரபு எழுத்தில் ‘ஹலால்’. வலப்பக்கத்திலிருந்து முதல் எழுத்தைப் பாருங்கள். புள்ளி இல்லை. அதுதான் புள்ளி இல்லாத ஹா, கண்ணாடியில் ஆவி ஊதும் எழுத்து, ஹெத்தின் உடன்பிறப்பு. அதே உடம்புக்கு மேலே ஒரு புள்ளி வைத்தால் ‘அப்பா கபார்’ எழுத்து. நடுவிலோ கீழேயோ ஒரு புள்ளி வைத்தால் ‘ஜ’. மூன்று புள்ளி வைத்தால் ‘ச’, இது பாரசீக எழுத்துமுறையிலிருந்து வந்தது.

அடுத்தது, உங்கள் பர்ஸில் இருக்கும் ரிங்கிட் தாள். ‘பாங்க் நெகாரா மலேசியா’ என்று ஜாவியிலும் அச்சாகியிருக்கும். முதல் சொல்லில் மூன்றே எழுத்து. நடு எழுத்துக்கு மேலே மூன்று புள்ளிகள் தெரியும். அதுதான் ‘ங’. அரபியில் ‘ங’ இல்லாததால், மலாய்க்காரர்கள் ஓர் எழுத்தை எடுத்து மேலே மூன்று புள்ளி வைத்துக்கொண்டார்கள். எந்த எழுத்தை? ஐனை. ஒரு புள்ளி மட்டும் வைத்தால் மக்ரிப்பில் வரும் கொப்பளிக்கும் ஒலி. புள்ளிகளை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்க. சொல்லின் நடுவில் வருவதால் சிறு முடிச்சு போலத் தெரியும். அந்த முடிச்சுதான் ரக்யாட்டில் ‘க்’ ஆகி, ரயத்தில் மறைந்து, ஆங்கிலத்தில் ‘ஓ’ ஆன எழுத்து.